பீரான்கோயாவின் பெயரில்லா உஸ்தாத்

கோழிக்கோடு வலியங்காடியில் உருண்டைக் கொப்பரை வாங்க வருகிறவர்கள் மூட்டையைப் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். பீரான்கோயாவைக் கூப்பிடுவார்கள். அவர் மூட்டையிலிருந்து ஒரு காயை எடுத்துக் காதருகே வைத்து இரண்டு குலுக்கு குலுக்குவார். உள்ளே காய்ந்து கழன்ற பருப்பு ஓட்டில் மோதும் சத்தம் போதும். "இது இன்னும் ஒரு மாசம் பரண்ல கிடக்கட்டும்" என்பார். "இது அழுகல், தள்ளி வை" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை. முப்பத்தைந்து வருடத்தில் அவர் காது ஒரு காயிலும் பிசகியது கிடையாது.

அப்படிப்பட்ட காதுக்காரரைத்தான், சங்கீதம் என்று வந்தால் மட்டும் ஞானசூனியம் என்று ஒரு சபையே கூடி பத்தொன்பது வருடமாக முடிவு கட்டி வைத்திருந்தது.

அந்தச் சபை பட்டுத்தெருவில் ஒரு சுக்குக் கிட்டங்கிக்கு மேல் மாடியில் கூடும். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு அடைத்த கடைகள் பிறகு திறப்பதில்லை என்பதால் மாலை நாலரை மணிக்கு பத்துப் பன்னிரண்டு பேர் மரப்படி ஏறி வருவார்கள். பாடத் தெரிந்தவர் ஒருவரும் கிடையாது. எல்லாரும் கேட்கிற ஜாதி. வாரம் ஒருவருடைய முறை. இந்த நாட்களில் எந்த இசைத்தட்டைக் கேட்டுப் பித்துப் பிடித்துக் கிடக்கிறாரோ அதை அவர் கொண்டு வர வேண்டும். ஒரு பக்கம் முழுதாக ஓடும். ஓடி முடிகிற வரைக்கும் யாரும் வாய் திறக்கக் கூடாது, தும்மல் வந்தால் வெளியே போய்த் தும்ம வேண்டும்.

ஆரம்ப காலத்தில் தட்டு நின்றதும் எல்லாரும் எல்லாவற்றையும் வாயாரப் புகழ்ந்து தள்ளிக்கொண்டிருந்தார்கள். தலைவர் சங்குண்ணி மாஷுக்கு அது பிடிக்கவில்லை. வாய்ப்பந்தலுக்கு இனி இடமில்லை என்று ஒரு விதி போட்டார். ஒரு தட்டை யார் புகழ்கிறாரோ அவர் அதை வீட்டுக்குக் கொண்டு போக வேண்டும். ஒரு வாரம் வைத்துக் கேட்க வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை எழுந்து நின்று கேட்டதைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான், மறுவாரமே புகழ்ச்சி குங்குமப்பூ விலைக்குப் போய்விட்டது. நாக்கு புரண்டு "பரவாயில்லை" என்று சொன்னவர்கூட ஒரு வாரம் அந்தத் தட்டோடு குடித்தனம் நடத்த வேண்டி வந்தது.

ஆனால் கூட்டாளி ஆசையாகக் கொண்டு வந்ததை முகத்துக்கு நேரே மோசம் என்று சொல்ல முடியுமா? முடியாது. அதற்குச் சபை தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தது. தட்டு நின்றதும் சற்று நேரம் அமைதி. பிறகு யாராவது தொண்டையைச் செருமிக்கொண்டு, "சாயா ஆச்சா?" என்று கேட்பார். புரிந்துகொள்ள வேண்டியவர் புரிந்துகொண்டு தட்டை உறையில் போட்டுவிடுவார்.

தன் முறையைப் பெரும்பாலும் மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிடுகிற பீரான்கோயா பத்தொன்பது வருடத்தில் பதினொரு தட்டுகள்தான் கொண்டு வந்திருந்தார். பதினொன்றுக்கும் "சாயா ஆச்சா?" என்றுதான் தீர்ப்பு. இதில் கொடுமை என்னவென்றால், அந்தச் சாயாவைப் போடுகிறவரும் அவரேதான். மூலையில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் எலுமிச்சம்பழமும் அவர் பொறுப்பு. கொப்பரை பிடித்துப் பழகிய கை பதமானது என்பதால் மெஷினில் தட்டு வைப்பதும் ஊசி இறக்குவதும்கூட அவர் பொறுப்புதான். சபையில் அவருக்கு மரியாதைக் குறைவு என்று சொல்ல முடியாது. நல்ல மனுஷர், நல்ல சாயா என்று எல்லாரும் சொல்வார்கள். நல்ல காது என்று மட்டும் ஒருவரும் சொன்னதில்லை.

அவர் தங்கப்பதக்கம் கேட்கவில்லை. சாவதற்குள் ஒரே ஒரு தடவை, தான் கொண்டு வந்த தட்டை யாராவது ஒருவர் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்த மரப்படியில் இறங்கிப் போவதைப் பார்த்துவிட வேண்டும். அவருக்கு வாழ்க்கையில் இருந்த ஆசை அது ஒன்றுதான்.

*

மழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் கல்லாயி ரோட்டில் ஒரு பழைய சாமான் கடையில் அந்தத் தட்டு கிடைத்தது. பெரிய தட்டு. உறை கிடையாது. நடுவில் ஒட்டியிருந்த தாளைப் பூச்சி அரித்துவிட்டதால் பாடியவர் பெயர், பாட்டின் பெயர், கம்பெனி பெயர் எதுவும் மிஞ்சவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். வரிகள் கீறலில்லாமல் பளபளவென்று இருந்தன. கடைக்காரன் கூடவே ஓர் ஓட்டை விசிறியையும் தலையில் கட்டித்தான் தட்டைக் கொடுத்தான்.

அந்த வார முறை பீரான்கோயாவுக்கு. அவர் வீட்டில் மெஷின் இல்லாததால் தான் கொண்டு வரும் தட்டை அவரே முதல் தடவை கேட்பது சபையில்தான். தட்டை வைத்தார், ஊசியை இறக்கினார், தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார்.

கிணற்றடியிலிருந்து வருவதுபோல் ஓர் ஆண் குரல் எழுந்தது. அவசரம் என்பதையே அறியாத குரல். ஹிந்துஸ்தானியில் ஏதோ ஒரு தும்ரி. காதலனைக் காணோமே என்று பெண் அழுவதை ஆண்கள் பாடுவது அந்தச் சங்கீதத்தில் புதிதல்ல. ஆனால் இந்த மனிதர் காதலனுக்காக மட்டும் அழுவதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு சொல்லையும் கீழே வைக்க மனமில்லாமல் சுமந்துகொண்டு போனார். தபலா தூரத்தில் இடி உருளுவதுபோல் உருண்டது. மூன்றாவது பாட்டு முடிந்ததும் கச்சேரிக் கூட்டம் கனமாகக் கை தட்டுவது தட்டில் கேட்டது. அந்தக் கைதட்டலுக்கு நடுவில் பாடகர் ஒரு பெருமூச்சு விட்டார். "ஹூ… ஹூ… ஹூம்…" என்று உடைந்து உடைந்து வந்த பெருமூச்சு. அத்துடன் பக்கம் முடிந்தது.

அப்படி ஒரு குரலைப் பீரான்கோயா பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. ஆனால் தனக்குப் பிடித்தது சபைக்குப் பிடிக்காது என்பது பதினொரு தடவை நிரூபணமான உண்மை. யாரையும் சங்கடப்படுத்த வேண்டாமென்று ஊசியைத் தூக்கிவிட்டு அவராகவே ஸ்டவ் பக்கம் போனார்.

"உக்காரு கோயா" என்றார் மாஷ்.

"சாயா போட்டுடறேன் மாஷே."

"சாயா கிடக்கட்டும். உக்காருன்னா உக்காரு." மாஷ் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "யாரு இவரு?"

"தெரியல மாஷே. பேரைப் பூச்சி தின்னுடுச்சு."

சங்குண்ணி மாஷ் முப்பது வருடம் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எந்தச் சங்கீதத்தையும் மலை, ஆறு கொண்டுதான் அளப்பார். அவர் எழுந்து நின்று, "மகாநதி கடல்ல சேர்ற இடத்துல தண்ணி இப்படித்தான் போகும். ஓடற மாதிரியே இருக்காது. இந்தத் தட்டை நான் வீட்டுக்குக் கொண்டு போறேன்" என்றார்.

"அடுத்த வாரம் எனக்கு" என்றார் தன்சுக்பாய். குஜராத்தித் தெருவில் மூன்று தலைமுறையாகப் பெருங்காயம் விற்கிற குடும்பம். அவர் கொண்டு வருகிற தட்டுக்கும் அந்த வாசனை உண்டு.

"அதுக்கடுத்த வாரம் எனக்கு" என்று ஒரு குரல். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பல் டாக்டர் ஈப்பன்! சபையின் செயலாளர். வெள்ளைக்காரர் சங்கீதம் தவிர மற்றதைக் கேட்கும்போது சொத்தைப் பல்லில் காற்றுப் பட்டவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறவர்.

"என்ன டாக்டரே, பல்லு வலிக்கலையா?" என்றார் தன்சுக்பாய்.

"அந்தப் பெருமூச்சுக்கு எந்த நாடு பாய், எந்த மொழி?"

மாஷ் தட்டை ஒரு பத்திரிகைத் தாளில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மரப்படியில் இறங்கினார். பீரான்கோயா கைப்பிடியைப் பிடித்தபடி மேலே நின்று கடைசிப் படி வரை பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு யாருக்கும் சாயா கிடைக்கவில்லை.

*

அதற்கப்புறம் நடந்ததை ஊர்வலம் என்றுதான் சொல்ல வேண்டும். தட்டு வீடு வீடாகப் போனது. மாஷ் அடுத்த வாரம் எழுந்து நின்று முக்கால் மணி நேரம் பேசினார். தன்சுக்பாய் தன் முறைக்கு எழுந்து, "நடுவுல என் மெஷின் கொஞ்சம் தகராறு பண்ணுச்சு, அதை விடுங்க, பாட்டு பிரமாதம்" என்று சுருக்கமாக முடித்தார். ஈப்பன் டாக்டர் அந்தப் பெருமூச்சை மட்டும் பத்துத் தடவை கேட்டதாகச் சொன்னவர், ஏனோ கொஞ்சம் இளைத்துப் போயிருந்தார்.

பாடகர் யார் என்பதில் மட்டும் முடிவு ஏற்படவில்லை. முடிவு ஏற்படாததால் கற்பனைக்குக் குறைவில்லை. வடக்கே எங்கோ வறுமையில் வாடி மறைந்த ஓர் உஸ்தாத் என்று ஒருவர் சொன்னார். நெஞ்சுச் சளி இருந்திருக்கும் என்று ஒருவர். இளவயதில் மனைவியை இழந்தவர், கல்லறைக்குப் போய்விட்டு நேரே வந்து பாடியிருக்கிறார் என்று மாஷ். ஆக, பூச்சி தின்ற பெயருக்குப் பதிலாக இரண்டு மாதத்தில் ஒரு முழு வாழ்க்கை வரலாறே தயாராகிவிட்டது. மாஷ் தன் பங்குக்கு முதல் வாரமே ஒரு வாரப் பத்திரிகைக்கு 'ஒரு பெருமூச்சின் கதை' என்று எழுதி அனுப்ப, அவர்களும் மூன்று பக்கத்துக்குப் போட்டார்கள். 'இந்த மேதையைக் கண்டெடுத்த காது, வலியங்காடியின் எளிய கொப்பரைத் தரகர் ஒருவருடையது' என்று அதில் ஒரு வரி வந்தது. பீரான்கோயா அந்த வரியைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சுமைகூலிக்காரர்கள்கூட அவரை "உஸ்தாத் கோயாக்கா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ஆடி மாதத்து இரண்டாம் வெள்ளி சபையின் ஆண்டு விழா. வெளியார் நாற்பது பேரைக் கூப்பிட்டு, தட்டை வைத்துக் கேட்கச் செய்து, பீரான்கோயாவுக்குச் சால்வை போர்த்துவதென்று தீர்மானம் ஆனது. அதற்கு முந்தைய வாரம் மாஷ் இன்னொன்றும் சொன்னார்.

"கொண்டு போறேன்னவங்க வீட்டுலயெல்லாம் இந்தத் தட்டு ஒரு வாரம் இருந்தாச்சு. கண்டுபிடிச்சவன் வீட்டுல இல்ல. சபையோட சின்னப் பெட்டி மெஷினைக் கொண்டு போ கோயா. ஒரு வாரம் ஆசை தீரக் கேளு."

பீரான்கோயா தலையைச் சொறிந்தார். சிக்கல் மெஷினில் இல்லை, வீட்டில் இருந்தது. வீடு பெண்களுக்கே சேரும் என்கிற குற்றிச்சிறைப் பக்கத்துக் கோயாமார் வழக்கப்படி அவருக்கு வீடு இரண்டு, உண்மையில் ஒன்றும் இல்லை. பிறந்த வீடு சகோதரிகளுக்குப் போய்விட்டது, அங்கே மதியச் சோறு உண்டு. இரவுத் தொழுகை முடிந்ததும் மனைவி கதீசாபியின் குடும்ப வீடான மாளியேக்கலுக்குப் போக வேண்டும். அங்கே அவருக்கென்று ஓர் அறை, வெள்ளை விரிப்பு, பத்திரி என்கிற அரிசி ரொட்டி, இறைச்சி வறுவல் எல்லாம் காத்திருக்கும். விடிந்ததும் பலகாரம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். கல்யாணமாகி முப்பத்தொரு வருடம் ஆகியும், ஐம்பத்தெட்டு வயதிலும், அந்த வீட்டில் அவருக்குப் பெயர் 'புதுமாப்பிள்ளை'தான். ராஜ உபசாரம் உண்டு. ஆனால் விருந்தாளி பெட்டி தூக்கிக்கொண்டு வந்து பாட்டு வைத்தால் நன்றாகவா இருக்கும்?

இருந்தாலும் ஆசை வெட்கம் அறியாதே. கொட்டுகிற மழையில் மெஷினையும் தட்டையும் கொப்பரைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார். பெட்டி நனையவில்லை, புதுமாப்பிள்ளைதான் சொட்டச் சொட்ட நனைந்தார். விடியும்போது காய்ச்சல் அனலாய்க் கொதித்தது.

*

முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக வெயில் ஏறிய நேரத்தில் பீரான்கோயா மாளியேக்கல் வீட்டுக்குள் இருந்தார். பகலில் அது வேறு வீடாக இருந்தது. இரவில் திரைக்குப் பின்னால் காலடி ஓசையாக மட்டும் இருந்த பெண்கள் பகலில் ஒரு படையாக இருந்தார்கள். கதீசாபியின் அக்கா, தங்கை, சித்தி, சித்தியின் மருமகள் என்று பதினைந்து பேர். சண்டை, சிரிப்பு, அரிசி புடைக்கிற சத்தம். அவர் கண்ணை மூடிக்கொண்டே குரல்களைப் பிரித்துப் பார்த்தார். பாதிக்குமேல் யார் குரலென்று தெரியவில்லை. தன் மனைவி இவ்வளவு சத்தமாகச் சிரிப்பாள் என்பதே அவருக்குப் புதிய செய்தி.

பத்து மணிக்கு அக்கா ஆமினா இத்தா அறை வாசலில் வந்து நின்றார். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"ஏன் புதுமாப்பிள்ளே, பத்திரிகையில உங்களைப் பத்திப் போட்ட அந்தத் தட்டு இதானா? சாக்குல கட்டி வெச்சா எங்களுக்கு என்ன கேக்கும்? போடச் சொல்லு கதீசா."

பீரான்கோயாவால் எழுந்திருக்க முடியவில்லை. படுத்தபடியே சொல்லிக்கொடுத்தார். "மூடியைத் திற. பிளக்கைச் சொருகு. தட்டை மெல்ல வை. ஊசியை ஓரத்துல இறக்கு. கைக்கொழந்தையைத் தொட்டில்ல போடற மாதிரி."

"நான் மூணு பெத்தவ. எனக்குச் சொல்லித் தராதீங்க" என்று கதீசாபி ஊசியை இறக்கினாள்.

ஒரு பெண் பாடினாள்.

இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும் குரல். துள்ளிக்கொண்டு படியேறுகிற குரல். தபலா அவளோடு ஓடிப் பிடித்து விளையாடியது. பீரான்கோயா நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"கதீசா, டாக்டரைக் கூப்பிடு. காய்ச்சல் காதுக்கு ஏறிடுச்சு."

"ஏன், என்ன பண்ணுது?"

"பொம்பளை பாடறாப்பல கேக்குது."

"பொம்பளைதான் பாடறா. எங்க எல்லார் காதுக்கும் காய்ச்சலா?"

அவர் போர்வையை உதறிவிட்டு எழுந்து வந்து மெஷினைப் பார்த்தார். பக்கத்தில் வேகத்தை மாற்றுகிற குமிழ். சின்னத் தட்டுக்கு நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று, பெரிய தட்டுக்கு முப்பத்து மூன்று என்பது சபையில் வேதவாக்கு. கடைசியாகச் சின்னத் தட்டு போட்டவர்கள் குமிழை நாற்பத்தைந்திலேயே விட்டிருந்தார்கள். "அதானே பார்த்தேன்" என்று நிம்மதியாகக் குமிழை முப்பத்து மூன்றுக்குத் தள்ளினார். அவருடைய உஸ்தாத் கிணற்றடியிலிருந்து திரும்பி வந்தார்.

பெண்கள் பதறிவிட்டார்கள்.

"அய்யோ, அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சு?" என்றார் ஆமினா இத்தா. "நல்லாத்தானே பாடிட்டு இருந்தா? மயக்கம் வந்துடுச்சா? யாராவது தண்ணி குடுங்களேன்!"

"இதான் சரியான வேகம் இத்தா. இவர் ஒரு பெரிய உஸ்தாத்…"

"உஸ்தாதா? முக்கி முனகறதைப் பாத்தா நாலு நாள் வயித்தால போனவன் மாதிரி இருக்கு. பழையபடி வைங்க."

புதுமாப்பிள்ளையானாலும் அந்த வீட்டில் இத்தாவின் சொல்லைத் தட்ட முடியாது. பழையபடி வைத்தார். மூன்றாவது பாட்டு முடிந்தது, கைதட்டல் சோவென்று மழைபோல் பெய்தது. அதன் நடுவே அந்தப் பெண் "ஹிஹிஹிம்" என்று சிரித்தாள். வாயைப் பொத்தியும் அடக்க முடியாமல் வெளிவந்த சிரிப்பு. உடனே மாளியேக்கல் வீட்டுப் பெண்கள் பதினைந்து பேரும் காரணமே தெரியாமல் சேர்ந்து சிரித்தார்கள்.

பீரான்கோயா மட்டும் சிரிக்கவில்லை. பெருமூச்சு! மாஷ் மூன்று பக்கம் எழுதிய பெருமூச்சு! தபலாவை மறுபடி கேட்டார். தோல் அதிரும் சத்தம், விரல் படும் சத்தம் எல்லாம் இந்த வேகத்தில்தான் நிஜமாக இருந்தன. காயைக் குலுக்கினால் உள்ளிருப்பது தெரிந்துவிடுகிற காது அது. இதுதான் நல்ல காய். இரண்டு மாதமாக ஊர் முழுக்க அவர் கொடுத்தது அழுகல். அதை முதல் நாள் முப்பத்து மூன்றில் சுழலவிட்ட கையும் அவருடையதுதான்.

அன்று முழுக்க அவர் கஞ்சி குடிக்கவில்லை. மாலையில் கதீசாபி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்ன யோசனை?"

"அந்த ஆளு போயிட்டார் கதீசா."

"எந்த ஆளு?"

"உஸ்தாத்."

"இருந்தாத்தானே போறதுக்கு."

அவருக்குச் சுள்ளென்று வந்தது. "உனக்கு என்ன தெரியும்? அவரோட கஷ்டம் உனக்குத் தெரியுமா? பொண்டாட்டி செத்து…" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். இல்லாத மனிதனின் இல்லாத மனைவிக்காகக் கண் கலங்கியது. வெட்கமாகவும் இருந்தது, அடக்கவும் முடியவில்லை.

"அவங்ககிட்ட சொல்லப் போறீங்களா?"

"சொன்னா சால்வை போச்சு. பேரு போச்சு. மாஷ் மானம் போச்சு. இனி நான் எதைக் கொண்டு போனாலும் சாயா ஆச்சாதான்."

"சொல்லலன்னா?"

அவர், மூட்டையைப் பிரிக்காமல் தன் வாய்ச்சொல்லை நம்பிக் காய் வாங்கிப் போகிறவர்களை நினைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

*

வெள்ளிக்கிழமை சபையில் வாடகை நாற்காலிகள் நிறைந்திருந்தன. மாஷ் தன் பேச்சில் நதிகளை வரிசையாகக் கடந்து ஒருவழியாகக் கடலுக்கு வந்து சேர்ந்ததும், டாக்டர் ஈப்பன் சால்வையைப் போர்த்தினார். பீரான்கோயா சால்வையோடு மெஷின் அருகே போனார். ஊசியைத் தொடாமல் மாஷ் பக்கம் திரும்பினார்.

"மாஷே, ஒண்ணு சொல்லணும். இந்தத் தட்டு நாற்பத்தஞ்சு."

"பெரிய தட்டெல்லாம் முப்பத்து மூணுதான் கோயா. உனக்கே தெரியுமே."

"இது அப்படி இல்ல. பெரிசா இருந்தாலும் நாற்பத்தஞ்சு. பாடறது பொம்பளை. சின்னப் பொண்ணு. அது பெருமூச்சும் இல்ல, சிரிப்பு. முதல் நாள் தப்பா வெச்சது நான்தான். என்னை மன்னிக்கணும்."

பெருங்காய வாசனையோடு தன்சுக்பாய் எழுந்தார்.

"அட பாவி மனுஷா! அப்ப என் மெஷின்ல கோளாறே இல்லையா? வீட்ல வெச்சதும் பொம்பளை பாடுச்சு. மோட்டார் தாறுமாறா ஓடுதுன்னு ரிப்பேருக்குத் தூக்கிட்டுப் போனேன். அவன் குமிழை ஒரு தட்டு தட்டித் திருப்பிக் குடுத்தான். உஸ்தாத் வந்துட்டார்னு சந்தோஷத்துல அவனுக்கு அரைக் கிலோ கட்டிப் பெருங்காயம் குடுத்தேன்யா!"

டாக்டர் ஈப்பன் சால்வை வந்த அட்டைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "என் மனைவி அன்னிக்கே சொன்னா, வேகம் தப்புன்னு. உனக்குச் சங்கீதம் தெரியாதுன்னுட்டேன். மூணு நாள் எனக்குச் சோறு போடல."

முதலில் புகழ்ந்த மூவரில் இனி ஒருவர்தான் பாக்கி. எல்லாரும் மாஷைப் பார்த்தார்கள். மாஷ் கண்ணாடியைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கண்ணாடிதான்.

"மாஷே, உங்க வீட்ல ஒரு வாரம் இருந்துச்சே…" என்று இழுத்தார் தன்சுக்பாய்.

"மூணாவது நாளே தெரியும்" என்றார் மாஷ்.

"அப்புறம் ஏன் சொல்லல?"

"கட்டுரையை ரெண்டாவது நாளே தபால்ல போட்டுட்டேன்."

விருந்தாளிகள் பக்கத்திலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதற்கு மேல் தாங்க முடியாமல் தன்சுக்பாய், "வைய்யா, அவளையாவது கேப்போம்" என்றார். பீரான்கோயா குமிழை நாற்பத்தைந்துக்குத் திருப்பினார். அந்தப் பெண் பாடினாள், துள்ளினாள், சிரித்தாள். தட்டு நின்றது.

உறுப்பினர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "நல்ல குரல்தான்…" என்று தொடங்கிய மாஷ், எல்லாத் தலைகளும் தன் பக்கம் திரும்புவதைக் கண்டு நிறுத்தினார். இன்னும் ஒரு சொல் சொன்னால் வீட்டுக்குக் கொண்டு போக வேண்டும். இரண்டு மாதம் உஸ்தாதோடு வாழ்ந்தவர்களுக்கு இந்தப் பெண்ணை வீட்டுக்குள் விட மனமில்லை. அவள் செய்த குற்றம் ஒன்றுதான், அவள் அவராக இல்லை. மாஷ் தொண்டையைச் செருமினார்.

"கோயா, சாயா ஆச்சா?"

பீரான்கோயா சால்வையின் நுனி தீயில் பட்டுவிடாமல் இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டவ்வைப் பற்ற வைத்தார்.

விழா அத்துடன் முடிந்திருக்கும். முதல் மடக்கு உள்ளே போனதும் தன்சுக்பாய், "என்ன இருந்தாலும் நமக்கு அவர் போனது போனதுதானே?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. இரங்கல் தீர்மானம் ஒன்று போடலாம் என்று முடிவாயிற்று. ஈப்பன் டாக்டர் தீர்மானப் புத்தகத்தை எடுத்து, "பெயர் தெரியாத உஸ்தாதின் மறைவுக்கு…" என்று எழுதத் தொடங்கினார்.

"மறைவுன்னு எப்படி எழுதறது? பிறக்கவே இல்லையே" என்றார் மாஷ்.

"பிரிவுன்னு போடுங்க. பிரிஞ்சது நாமதானே?" என்றார் பீரான்கோயா ஸ்டவ் பக்கத்திலிருந்து.

அப்படியே போட்டார்கள். நாற்பது விருந்தாளிகள் திகைத்துப் பார்க்க, பன்னிரண்டு பெரிய மனிதர்கள் எழுந்து இரண்டு நிமிடம் மௌனமாக நின்றார்கள். மாஷுக்கும் பீரான்கோயாவுக்கும் நிஜமாகவே கண்ணீர் வந்தது. பிறகு நாற்காலிகளை மடக்கினார்கள். போர்த்திய சால்வையைத் திரும்ப வாங்கும் வழக்கம் சபையில் இல்லாததால் அது அவரிடமே இருந்தது. தட்டை மட்டும் யாரும் கேட்கவில்லை. அவரே அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மரப்படியில் இறங்கினார்.

*

மாளியேக்கல் வீட்டில் அன்று திரைக்குப் பின்னால் யாரும் இல்லை. எல்லாரும் கூடத்திலேயே இருந்தார்கள்.

"சால்வை நல்லா இருக்கே" என்றார் ஆமினா இத்தா. "அவளைக் கூட்டிட்டு வந்துட்டீங்களா?"

"என்ன சொன்னாங்க?" என்று கதீசாபி மெல்லக் கேட்டாள்.

"சாயா ஆச்சான்னு கேட்டாங்க."

பதினொரு தடவை இதே பதிலோடு வந்த மனிதரைப் பார்த்தவள் அவள். வேறெதுவும் கேட்காமல் பெட்டியின் மூடியைத் திறந்தாள். பீரான்கோயா தட்டை வைத்து, குமிழ் இருக்கும் இடத்தை இரண்டு தடவை பார்த்து, ஊசியை இறக்கிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். சபையில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த பழக்கம். பாட்டு முடிந்தது. கைதட்டல், சிரிப்பு. இங்கே பதினைந்து சிரிப்பு. ஊசியைத் தூக்கினார். கூடம் அமைதியானது.

கதீசாபி எழுந்தாள். "சாயா போடட்டுமா?"

இங்கேயுமா? தட்டை எடுக்கக் குனிந்தார்.

"அதை ஏன் எடுக்கறீங்க?" என்றாள் கதீசாபி. "சாயா குடிச்சிட்டு மறுபடி கேக்கணும். அப்புறம் அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு கேக்கணும். இந்தத் தட்டு இனிமே இங்கதான் இருக்கும்."

"ஒரு வாரம்தான் வெச்சுக்கலாம். சபை விதி" என்றார் அவர்.

"அது உங்க சபை" என்றார் ஆமினா இத்தா. "இது மாளியேக்கல்."

பீரான்கோயா நிமிர்ந்து பார்த்தார். சால்வையைக் கழற்றி மடித்து மெஷின் மேல் வைத்தார். சாயா போடக் கிளம்பிய மனைவியைக் கைகாட்டி நிறுத்தினார்.

"நீ உக்காரு. சாயா நான் போடறேன். நல்லாப் போடுவேன், ஊரே சொல்லும்."

அந்த வீட்டுச் சரித்திரத்தில் எந்தப் புதுமாப்பிள்ளையும் அப்படிச் சொன்னதில்லை. அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நாலு எட்டு வைத்தார். தூணருகே நின்றார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். முப்பத்தொரு வருடமாக அந்த வீட்டுச் சோற்றைத் தின்ற மனிதர், திரும்பி மனைவியிடம் கேட்டார்.

"அடுக்களை எந்தப் பக்கம்?"